ரெண்டே டீச்சர் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் மகளைச் சேர்க்கலாமா?

வேன்அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் யூகேஜி முடிக்கப் போகிறாள், ஒன்றாம் வகுப்புக்கு எங்கே என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து. இப்போது டவுனில் ஒரு நர்சரி பிரைமரி பள்ளி. காலை ஏழேகாலுக்கு வேன் வந்துவிடும், பாதித் தூக்கத்தில் ஏறுகிறாள். ரைம்ஸ் எல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறாள், ஆனால் புத்தகத்தில் பூனைப் படத்தைக் கையால் மறைத்துவிட்டால் கீழே இருக்கிற 'கேட்' என்கிற மூன்றெழுத்தைப் படிக்கத் தெரியவில்லை. மிஸ்ஸிடம் கேட்டால் "வீட்ல ப்ராக்டீஸ் குடுங்க மேடம்".

எங்கள் தெருக்கோடியிலேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாற்பது பிள்ளைகள்கூட இல்லை, ஹெச்எம்மையும் சேர்த்து ரெண்டே டீச்சர். மாமியார் "வழியில்லாதவங்கதான் அங்க சேப்பாங்க" என்கிறார். வீட்டுக்காரர், இப்போதே சேர்த்தால்தான் பின்னால் மருத்துவம் மாதிரிப் படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு கிடைக்கும் என்கிறார். ரெண்டு பேர் ஐந்து வகுப்பை எப்படிச் சமாளிப்பார்கள்? போய்ப் பார்த்தால் எதைப் பார்க்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:

சகோதரி, நானும் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்ப்பவன்தான், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை ரெண்டு ஆசிரியர்தான், 61 ஆனால்தான் மூன்றாமவர். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்கிற அடிப்படைக் கல்வித் திட்டம் வந்த பிறகு ஒன்று, ரெண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து, வகுப்பைப் பார்க்காமல் அவரவர் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். எழுத்தே தெரியாத மூன்றாம் வகுப்புப் பையனும் அரும்பில்தான் உட்காருவான். அட்டை, பாட்டு, ஆட்டம் என்று ஓடும். ஆசிரியர் அறையில் இருக்கிற வரைக்கும் இது நன்றாகவே வேலை செய்கிறது. சிக்கல் என்னவென்றால் ஒருவர் பயிற்சிக்கோ, லீவுக்கோ, வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் அன்றைக்கு அஞ்சு வகுப்பும் ஒருத்தர் தலையில். போதாததற்கு பிள்ளைகள் விவரங்களை எமிஸ் என்கிற அரசு இணையதளத்தில் ஏற்றுகிற வேலை வேறு, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். எனவே ஹெச்எம்மிடம் போன மாதம் எத்தனை நாள் தனி ஆளாக இருந்தீர்கள் என்று கேளுங்கள், அதைவிட முக்கியமான கேள்வி கிடையாது.

அப்புறம் அவர் அனுமதியோடு ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஏதாவது கதைப் புத்தகத்தைத் திறந்து கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாகியிருக்கும். நோட்டையும் புரட்டுங்கள். 'பள்லி' என்று எழுதியதற்கும் சிவப்பில் டிக் விழுந்திருந்தால் அங்கே யாரும் திருத்தவில்லை என்று அர்த்தம். இதே சோதனையை உங்கள் டவுன் பள்ளியிலும் செய்து பாருங்கள், விடுவார்களா தெரியாது.

7.5க்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் உதவித்தொகைக்கும் அப்படித்தான். அதை வைத்து ஒன்றாம் வகுப்பை முடிவு செய்ய வேண்டியதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

மல்லிப்பந்தல்:

என் பையன் இதே மாதிரிப் பள்ளியில்தான் நாலாவது படிக்கிறான் தோழி. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய் போட்ட சாம்பார். எங்கள் ஊரில் சமைக்கிற அக்கா மகளிர் குழுவில் இருப்பவர், அவர் பொண்ணும் அங்கேதான் படிக்கிறாள், அதனால் உப்பு உறைப்பில் ஏமாற்று வேலை நடக்காது. மதியம் சத்துணவில் முட்டை. வீட்டில் ரவா உப்புமாவைக் கண்டாலே ஓடுகிறவன் அங்கே ரெண்டாவது தரம் கேட்டு வாங்குகிறானாம்.

கவனிப்பு டீச்சரைப் பொறுத்தது. இவன் போர்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான் என்று முதலில் சொன்னது டீச்சர்தான், நாங்கள் இல்லை. ஆனால் டாய்லெட் விஷயத்தில் நான் சமாதானமாகப் பேச மாட்டேன். பெண் பிள்ளை வேறு. காலையில் போய்ப் பார்த்தால் கழுவி விட்டிருப்பார்கள், மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, அதன் உயரத்துக்கு ஆறு வயசுப் பிள்ளைக்குக் கை எட்டுமா என்று பாருங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் சின்னப் பெண்கள் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டே இருப்பார்கள், தண்ணீரும் குடிக்க மாட்டார்கள்.

கடைசிபெஞ்ச்:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கமும் சொல்கிறேன். நாங்கள் சேர்த்துவிட்டு ஒரே வருஷத்தில் எடுத்துவிட்டோம். டீச்சர் அருமையானவர், குறையே சொல்ல முடியாது. ஆனால் அவரை வேறு பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்பிவிட்டார்கள், மாதக்கணக்கில் ஹெச்எம் ஒருவர்தான். மனு கொடுத்தோம், "பார்க்கிறோம்" என்றார்கள். தனியாரில் டீச்சர் வேலையை விட்டுப் போனாலும் அடுத்த வாரம் யாராவது வந்து நிற்பார், நன்றாக நடத்துவாரா என்பது வேறு கதை. பள்ளிக்காக இல்லாமல் அந்த டீச்சருக்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் அவர் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று விசாரித்துவிடுங்கள்.

சாக்பீஸ்:

கடைசிபெஞ்ச் சொன்னது நிஜம், மறுக்க முடியாது. ஆனால் தனி ஆளாகப் போய் மனு கொடுப்பதற்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு போவதற்கும் வித்தியாசம் உண்டு. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். எங்கள் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வந்ததே அப்படித்தான். பிள்ளை சேர்ந்த பிறகு நீங்களும் அதில் வரலாம். பல ஊர்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு கூட்டம் நடந்ததாக எழுதிவிடுகிறார்கள், அதனால் போகும்போது அந்தத் தீர்மான நோட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வேன்அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஹெச்எம்மிடம் பேசிவிட்டேன், வியாழக்கிழமை மதியம் வரச் சொல்லியிருக்கிறார். ரெண்டாவது டீச்சருக்குச் சொந்த ஊர் இதுதானாம், மாறுதல் கேட்கவில்லையாம். 7.5 விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. மாமியாரும் கூட வருகிறாராம், டாய்லெட்டை அவர் பார்த்துக்கொள்வாராம்.