வயசானவங்க முகம் எடுக்க 85ஆ, 135ஆ, 70-200ஆ? (நிக்கான் டி7500)

குகை ஸ்டுடியோ:

எல்லாருக்கும் வணக்கம். சேலம் குகையில சின்னதா ஒரு ஸ்டுடியோ நடத்தறேன். பாஸ்போர்ட் போட்டோவும் பிரேம் வேலையும்தான் தினப்படி ஓட்டம். கொஞ்ச நாளா வேற ஒரு வேலை தேடி வருது. "அப்பா நல்லா இருக்கும்போதே அழகா ஒரு படம் எடுத்துக் குடுங்க, பெருசா பிரேம் போட்டு வெச்சுக்கறோம்"னு வீட்டுக்கே கூப்பிடறாங்க. பெரும்பாலும் அம்மாப்பேட்டை, பொன்னம்மாபேட்டை பக்கம் தறிக்காரர் வீடுங்க. முன் ரூம் 10 அடி, 12 அடிதான் இருக்கும். அதுலயும் பாதி இடத்தத் தறி பிடிச்சுக்கும்.

என்கிட்ட நிக்கான் டி7500, 18-140 கிட் லென்ஸ், 50 எம்எம் எஃப் 1.8 இருக்கு. போன வாரம் ஒரு தாத்தாவ எடுத்தேன். படம் ஷார்ப்பா இருக்கு, லைட்டும் நல்லா இருக்கு. ஆனா அவர் மக பாத்துட்டு, "எங்கப்பா மூக்கு இவ்வளவு பெருசு இல்லீங்களே"ன்னாங்க. அவங்க சொன்னது சரிதான். மூக்கு முன்னாடி வந்து, காது ரெண்டும் பின்னாடி ஒளிஞ்ச மாதிரி இருக்கு.

நீளமான லென்ஸ் வாங்கினா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. 85 எஃப் 1.8, 135 எஃப் 2, 70-200 இந்த மூணுல எது வாங்கறது? பட்ஜெட் 40 ஆயிரம், செகண்ட் ஹேண்டா இருந்தாலும் சரி. அடுத்த மாசம் ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் குடும்பத்துக்குத் தாத்தா பாட்டி ரெண்டு பேரையும் வெளியில வெச்சு எடுக்கணும், அதுக்கும் ஒத்து வரணும்.

ஐந்து ரோடு கேமரா:

ப்ரோ, 70-200 எஃப் 4 பாருங்க. 2012ல வந்த லென்ஸ்தான், ஆனா இன்னைக்கும் அடிச்சுக்க ஆள் இல்ல. எடை 850 கிராம்தான், எஃப் 2.8 மாதிரி தோள்பட்டைய இழுக்காது. ரிசப்ஷன் மேடை, கோயில் விசேஷம், ஏற்காடு அவுட்டோர்னு எல்லாத்துக்கும் ஓடும். கை நடுக்கத்துக்கு விஆர் இருக்கு. ஜூம் ஆகாத சிங்கிள் லென்ஸ் வாங்கினா இன்னொன்னு வாங்கற வரைக்கும் மனசு அடங்காது.

நாகலூர் காப்பிக்காடு:

தம்பி, உங்க கேள்வியில லென்ஸ விட முக்கியமான விஷயம் ஒன்னு இருக்கு. அந்த 10 அடி ரூம். அதுல இருந்து ஆரம்பிக்கலாம்.

மூக்கு பெருசாத் தெரியறது லென்ஸோட குணம் இல்ல, நீங்க நின்ன தூரத்தோட குணம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர் இருக்குன்னு வெச்சுக்குங்க. கேமரா மூக்குல இருந்து 2 அடியில இருந்தா, காது இருக்கற அளவ விட மூக்கு 20 சதவீதம் பெருசா விழும். 4 அடிக்குப் போனா அது 10 சதவீதம் ஆயிடும். 7 அடியில 6 சதவீதத்துக்கும் கம்மி. மகள் அப்பாவ உத்துப் பாக்கறதே இல்ல, எதிர் திண்ணையில உக்காந்து பேசற தூரத்துலதான் இத்தன வருஷமாப் பாத்திருக்காங்க. அந்த முகம்தான் அவங்க மனசுல இருக்கு. கேமராவும் அதே தூரத்துல நின்னாத்தான் "எங்கப்பா"ம்பாங்க.

காசு போடறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ செஞ்சு பாத்துடுங்க. யாரையாவது ஸ்டூல்ல உக்கார வெச்சு, 7 அடி தள்ளி தரையில ஒரு டேப் ஒட்டுங்க. 18-140அ முதல்ல 85ல வெச்சு ஒரு படம், அதே இடத்துல நின்னு 35ல ஒரு படம். ரெண்டாவத கம்ப்யூட்டர்ல கிராப் பண்ணி முதல் படத்தோட அளவுக்குக் கொண்டு வாங்க. மூக்கு, காது, தாடை எல்லாம் அச்சு அசலா ஒன்னாவே இருக்கும். நீள லென்ஸ் செய்யற உபகாரம், அந்த 7 அடியில நின்னுக்கிட்டே பிரேம நிறைக்க விடறதுதான். பின்னாடி இருக்கற கசகசப்பக் கரைக்கறது அதுக்கு அடுத்தது.

இப்ப உங்க பாடிக்கு வரேன். டி7500 கிராப் சென்சார், அதாவது ஃபுல் ஃபிரேம் சென்சார விடச் சின்னது, வித்தியாசம் 1.5 மடங்கு. 85 எம்எம் போட்டா ஃபுல் ஃபிரேம்ல 127 எம்எம் போட்ட மாதிரி இருக்கும். ஃபுல் ஃபிரேம்காரங்க "முகத்துக்கு 135தான்"னு சொல்றாங்க இல்லீங்களா, அந்தக் கோணம் உங்களுக்கு 85லயே கெடச்சுடுது. நீங்க போய் 135 வாங்கினா அது 200 ஆயிடும். கேமராவ செங்குத்தாப் பிடிச்சு தலையும் தோளும் எடுக்க உங்க பாடியில 50க்கு 4 அடி, 85க்கு 7 அடி, 135க்கு 11 அடி, 200க்கு 16 அடி வேணும். நின்ன வாக்குல முழு ஆள் எடுக்கணும்னா 85க்கே 23 அடி ஆகும், 200க்கு 55 அடி. தாத்தா முதுகுக்கும் சுவருக்கும் நடுவுல 2 அடியாவது விட்டு, உங்க உடம்புக்கும் இடம் விட்டா, 12 அடி ரூம்ல கையில நிக்கறது 7, 8 அடிதான். அதுல 85 அளந்து வெச்ச மாதிரி உக்காரும். 135க்குக் கதவத் தாண்டி தெருவுல நிக்கணும்.

ஐந்து ரோடு நண்பர் சொன்ன 70-200 எஃப் 4 நல்ல லென்ஸ்தான், அதுல எனக்கு மறுப்பே இல்ல. மேடைக்கு வாங்கறதா இருந்தா நானும் அதத்தான் சொல்லுவேன். ஆனா தறி வீட்டுக்குள்ள லைட் ஜன்னல்ல இருந்துதான் வரும். அங்க எஃப் 1.8க்கும் எஃப் 4க்கும் நடுவுல ரெண்டு ஸ்டாப்புக்கு மேல வித்தியாசம், அதாவது எஃப் 1.8ல நாலு மடங்குக்கு மேல வெளிச்சம் உள்ள வரும். விஆர் உங்க கை நடுக்கத்த நிறுத்தும், தாத்தா தல ஆடறத நிறுத்தாது. வயசானவங்களுக்கு லேசா ஒரு ஆட்டம் இருக்கும், 200லயாவது ஷட்டர் 1/320 செகண்ட் வெச்சாத்தான் கண் இமை தெளிவா வரும். எஃப் 4ல அதுக்கு ஐஎஸ்ஓவ (சென்சாரோட வெளிச்ச உணர்வ) எங்க கொண்டு போய் நிறுத்தறது?

இன்னொன்னும் இருக்கு, இத யாரும் கணக்குல எடுக்கறதில்ல. காது மந்தமான பெரியவர்கிட்ட 16 அடி தள்ளி நின்னு என்ன பேச முடியும்? கத்தணும். கத்தினா அவர் முகம் கேக்கற முகம் ஆயிடும், புருவத்த நெரிச்சுட்டு ஒரு காதத் திருப்புவார். 7 அடியில சாதாரணக் குரல்ல "எத்தன வயசுல தறியில உக்காந்தீங்க"ன்னு கேக்கலாம். பதில் சொல்லி முடிச்சுட்டு, அடுத்த கேள்விக்காக உங்களப் பாப்பார் பாருங்க, அந்த நொடிதான் படம். நான் காப்பிப் பழம் பறிக்கற அம்மாங்கள எடுக்கும்போது அந்த நொடிக்குத்தான் காத்திருப்பேன்.

என் முடிவு: செகண்ட் ஹேண்ட்ல 85 எம்எம் எஃப் 1.8 ஜி. 350 கிராம் எடை, 67 எம்எம் ஃபில்டர், 80 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட ஃபோகஸ் ஆகும். 50 எம்எம வித்துடாதீங்க. இடுப்பு வரைக்கும் வேணும்னா அதே 7 அடியில நின்னு 50தான் போடணும், மூக்கும் கெடாது.

குகை ஸ்டுடியோ:

அண்ணா, ரொம்ப நன்றி. டேப் ஒட்டிப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு முகமும் ஒன்னுதான். இவ்வளவு நாளும் லென்ஸ்தான் முகத்த மாத்துதுன்னு சொல்லிக் குடுத்தாங்க.

ரெண்டு சந்தேகம். ஏற்காட்டுல வெளியில எடுக்கும்போது 85 எஃப் 1.8க்கு பின்னணி போதுமான அளவு கரையுமா? 135 எஃப் 2 படங்கள்ல இருக்கற மாதிரி பெரிய பெரிய ஒளி வட்டம் வருமா? அப்புறம், பழைய மேனுவல் 105 எஃப் 2.5 ஒன்னு ஒருத்தர்கிட்ட சும்மாவே கிடக்கு, வாங்கிக்கலாமா?

மெட்டல் மவுன்ட்:

105 எஃப் 2.5 பத்தி நான் சொல்றேன். பாகிஸ்தான் அகதி முகாம்ல 1984ல ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமி படம் இந்த லென்ஸ்லதான். பின்னணி கரையற விதம் இன்னைக்கும் அருமையா இருக்கும். ஆனா டி7500ல ஒரு சிக்கல். பழைய லென்ஸோட அப்பர்ச்சர் எவ்வளவுன்னு கேமராவுக்குச் சொல்ற ஏஐ நெம்புகோல், டி7200 வரைக்கும் இருந்தது, இதுல எடுத்துட்டாங்க. அதனால பழைய மேனுவல் லென்ஸ் போட்டா வெளிச்சம் அளக்கற மீட்டர் வேலை செய்யாது. 'எம்' மோடுல வெச்சு, ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் பாத்துத் திருத்தணும். நிதானமா உக்கார்ற ஆளுக்கு ஒத்து வரும், தொழிலுக்கு நம்ப வேண்டாம். ஏஎஃப்-டி (பழைய ஆட்டோ ஃபோகஸ்) லென்ஸுங்க பிரச்சினை இல்ல. பாடிக்குள்ள மோட்டார் இருக்கு, ஆட்டோ ஃபோகஸும் ஆகும், மீட்டரும் ஓடும். 85 ஜி அமையலைன்னா 85 எஃப் 1.8 டி தேடுங்க.

நாகலூர் காப்பிக்காடு:

மெட்டல் மவுன்ட் சொன்னது சரி. நான் பின்னணிக்கு வரேன், இது எனக்குப் பிடிச்ச இடம்.

ரொம்ப தூரத்துல இருக்கற ஒரு ஒளிப்புள்ளி எவ்வளவு பெரிய வட்டமா விழும்னு கண்டுபிடிக்க சுலபமா ஒரு கணக்கு இருக்கு. ஃபோகல் லெங்த்த (லென்ஸோட எம்எம் கணக்க) எஃப் நம்பரால வகுங்க. 85ஐ 1.8ஆல வகுத்தா 47 எம்எம். அந்த ஒளி, தாத்தா முகத்துக்குப் பக்கத்துல 47 எம்எம் அகலத் தட்டு ஒன்ன வெச்ச அளவுக்குப் படத்துல தெரியும். முகம் 14, 15 சென்டிமீட்டர் அகலம்னா அதுல மூணுல ஒரு பங்கு. 135 எஃப் 2க்கு 67 எம்எம், பாதி முகத்துக்குக் கிட்ட. உங்க 50 எஃப் 1.8க்கு 28. 70-200 எஃப் 4 லென்ஸ 200ல வெச்சா 50 வரும், அதாவது 85 தர்றதுக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லாத மாதிரிதான். ஆனா அதுக்கு 16 அடி தள்ளி நிக்கணும்.

இது ரொம்ப தூரப் பின்னணிக்கான கணக்கு. காப்பித் தோட்டத்துக்குள்ள அப்படி இருக்காது. எங்க பக்கம் செடிக்குச் செடி ஆறடிதான், நடுநடுவுல சில்வர் ஓக், அதுமேல மிளகுக் கொடி. தாத்தாவக் கொடிக்கு 3 அடி முன்னாடி நிறுத்தினீங்கன்னா அந்த 47 எம்எம் வட்டம் 14 எம்எம்மா சுருங்கிடும். ஒவ்வொரு மிளகு இலையும் ஓரம் ஓரமா, பாதி கரைஞ்சும் கரையாமலும் நிக்கும். அத விட மோசமான பின்னணி இல்ல. அவர வரிசையோட முனைக்குக் கூட்டிட்டு வாங்க. அவருக்குப் பின்னாடி 30 அடி காலியா பாதை ஓடட்டும். அதே லென்ஸ்ல வட்டம் 38 எம்எம் ஆயிடும். 135 வாங்கற காசு மிச்சம். சில்வர் ஓக் இலை இடுக்குல வர்ற வெளிச்சம் காலையில கீழ்ச்சாய்வா இருக்கும்போது அந்த வட்டங்களப் பாருங்க, பொன் நிறமா விழும்.

எஃப் 1.8லயே எல்லாத்தையும் எடுத்துடாதீங்க. 7 அடியில, உங்க பாடியில, எஃப் 1.8க்கு ஷார்ப்பா நிக்கறது 5 சென்டிமீட்டர் ஆழம்தான். முகம் லேசாத் திரும்பி இருந்தா ஒரு கண்ணு தப்பிடும். எஃப் 4க்கு வந்தா 10 சென்டிமீட்டர் கிடைக்கும். பாட்டி மூக்குத்தியில இருந்து காது வரைக்கும் நிக்கும். வெளியில வெளிச்சம் இருக்கும்போது, சுவர்ல மாட்டற படத்துக்கு நான் எஃப் 4க்குக் கீழ போறதில்ல. தாத்தா பாட்டி ரெண்டு பேரையும் சேத்து எடுக்கறப்ப ரெண்டு முகத்தையும் ஒரே நேர்கோட்டுல வெச்சு எஃப் 5.6 வைங்க. ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கூடவே தள்ளி நிக்க வேண்டியிருக்கும். பாதை முனையில அதுக்கு இடம் இருக்கும்.

மூடுபனி வந்தா பயப்படாதீங்க, அது உங்களுக்கு இனாமாக் கெடச்ச பெரிய சாஃப்ட் பாக்ஸ். ஆனா கேமராவுக்கும் முகத்துக்கும் நடுவுல எவ்வளவு பனி இருக்கோ அவ்வளவு கான்ட்ராஸ்ட் போகும். 7 அடியில முகம் தெளிவா நிக்கும், பின்னாடி மரம் வெளுக்கும். 200 எம்எம்ல 55 அடி தள்ளி முழு ஆள் எடுத்தா முகமும் சேர்ந்து வெளுக்கும். மலையில குட்டை லென்ஸ் ஜெயிக்கற இடம் இது.

தறி வீட்டுக்கு ஒன்னு. அம்மாப்பேட்டையில வெண்பட்டு வேட்டி நெய்யறவங்க வீடா இருந்தா, முடிச்ச வேட்டி ஒன்ன மடிக்காம தாத்தா மடிமேல விரிக்கச் சொல்லுங்க. ஜன்னல் வெளிச்சம் அந்த வெள்ளையில பட்டு தாடைக்குக் கீழயும் கண் குழிக்குள்ளயும் ஏறும். வயசானவங்களுக்குக் கண் குழி இருட்டாத்தான் விழும், ரிஃப்ளெக்டர் பிடிக்க ஆள் இல்லாதப்ப அதுதான் கை குடுக்கும். அவர் நெய்ஞ்ச துணியும் படத்துல வந்துடும். எக்ஸ்போஷர மட்டும் முகத்துக்குப் பாத்து வைங்க, கேமராகிட்ட விட்டா வெள்ளையப் பாத்து முகத்த இருட்டாக்கிடும்.

குகை ஸ்டுடியோ:

85 ஜி ஒன்னு பேசிட்டேன் அண்ணா, பட்ஜெட்டுக்கு உள்ளயேதான் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை பாக்கப் போறேன். கையில வாங்கும்போது என்னென்ன பாக்கணும்?

நாகலூர் காப்பிக்காடு:

முதல்ல பூஞ்சை. மலைப் பக்கத்து லென்ஸா இருந்தா கண்டிப்பாப் பாக்கணும், இங்க ஈரத்துல பீரோவுக்குள்ள வெச்சதும் தப்பாது. அப்பர்ச்சர் வளையம் இந்த லென்ஸ்ல கிடையாது, அதனால பின்பக்கம் இருக்கற சின்ன நெம்புகோல விரலால மெதுவாத் தள்ளிப் பிடிச்சு அப்பர்ச்சர் இதழத் திறங்க. செல்போன் டார்ச்ச ஒரு பக்கம் அடிச்சு மறுபக்கம் சாய்வாப் பாருங்க. தூசி நாலஞ்சு இருந்தா விடுங்க. நூல் பிரிஞ்ச மாதிரி கிளை கிளையா ஓடினா வேண்டாம். இதழ்மேல எண்ணெய்ப் பளபளப்பு இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் உங்க பாடியிலயே மாட்டி, 7 அடியில எதையாவது சாய்வா வெச்சு, எஃப் 1.8ல நடுப் புள்ளிய ஃபோகஸ் பண்ணிப் பாருங்க. முன்னாடியோ பின்னாடியோ விழுந்தா, மெனுவுல ஏஎஃப் ஃபைன் டியூன் இருக்கு, கொஞ்சம்தான் தள்ளுதுன்னா அதுலயே சரி பண்ணிடலாம். ஃபோகஸ் மோட்டார் கிறீச்சுனு சத்தம் போட்டாலோ நடுவுல நின்னு நின்னு போனாலோ விலை குறைச்சாலும் எடுக்காதீங்க.

வாங்கினதும் மூடி டைட்டா இருக்கற டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. முடிஞ்சா சின்னதா ஒரு ஈரமானியும் போட்டு, 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வெச்சுக்குங்க. ஏற்காட்டுல பனியில எடுத்துட்டுக் கீழ அடிவாரத்துக்கு இறங்கினதும் பையத் திறக்காதீங்க. சேலம் சூட்டுல கண்ணாடி வேர்த்துடும். அரை மணி நேரம் பைக்குள்ளயே இருக்கட்டும்.