வினைச்சொல்லை ஒட்டி வரும் சிறு சொற்கள்: ஆங்கிலம் எழுதுகையில் நீங்கள் சந்தித்தவை

மொழிபெயர்ப்பாளர், மதுரை

விண்ணப்பங்கள், முறையீடுகள், தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் என்று பலர் ஆங்கிலத்தில் எழுதிய வரைவுகள் என்னிடம் திருத்தத்துக்கு வருகின்றன. காலம், ஒருமை பன்மை எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வினைச்சொல்லுக்குப் பின்னால் நிற்கும் 'அபவுட்', 'டு', 'ஆன்' போன்ற சிறு சொல், அதாவது ப்ரிபொசிஷன்தான் இடறும். 'டிஸ்கஸ்ட் அபவுட் தி பிராப்ளம்', 'ரீச்ட் டு சென்னை', 'எம்ஃபசைஸ்ட் ஆன்' ஆகியவை வாரம் தவறாமல் கண்ணில் படுகின்றன. இந்த மூன்று வினைகளும் செயப்படுபொருளை நேராக எடுத்துக்கொள்பவை. இடையில் எதுவும் வேண்டாம்.

பிரச்சினையைப் 'பற்றி' விவாதிக்கிறோம், சென்னைக்கு வந்து சேர்கிறோம், அதனால்தான் இப்படி எழுதுகிறோம் என்று தமிழின் மீது பழியைப் போட்டுவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிக் காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. 'டிஸ்கஷன் அபவுட்', 'எம்ஃபசிஸ் ஆன்', 'லேக் ஆஃப்' என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் அந்தச் சிறு சொல் வேண்டும். அதே சொல் வினையானதும் உதிர்ந்துவிட வேண்டும்: 'தி வில்லேஜ் லேக்ஸ் வாட்டர்'. பெயரையும் வினையையும் அருகருகே எழுதிக் காட்டினால், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

இவையெல்லாம் படிப்பவருக்குப் புரிந்துவிடும் பிழைகள். ஒரு சிறு சொல் மாறியதால் பொருளே மாறிப்போன இடங்களைத்தான் நான் கேட்க விரும்புகிறேன். உங்கள் வேலையில் சந்தித்திருந்தால் எழுதுங்கள்.

செவிலியர் பயிற்றுநர், நாகர்கோவில்

மருத்துவத்தில் இது அன்றாடம் நடப்பது. வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதும் செவிலியர்களுக்குக் கடிதம் எழுதப் பயிற்சி தருகிறேன். அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம். முதல் 5 நிமிடம் படிக்க மட்டும். நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுப்பார்கள். அதை வைத்து 180 முதல் 200 சொற்களுக்குள் இன்னொரு மருத்துவருக்கோ செவிலியருக்கோ கடிதம் எழுத வேண்டும். குறிப்புகள் துண்டு துண்டாக இருக்கும்: 'அட்மிட்டட், நிமோனியா, ஐவி ஆன்டிபயாட்டிக்ஸ்'. அவற்றை இணைக்கும் சிறு சொற்களை எழுதுபவரேதான் போட வேண்டும்.

இந்தக் குறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அட்மிட்டட் வித் நிமோனியா' என்பது சரி. எழுதுகிற வேகத்தில் அந்த 'வித்' அடுத்த வினைக்கும் தாவிவிடுகிறது. 'ட்ரீட்டட் வித் நிமோனியா' என்று எழுதிய தாள்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நிமோனியாவையே மருந்தாகக் கொடுத்துச் சிகிச்சை செய்தோம் என்று ஆகிவிட்டது! நோய்க்கு 'ட்ரீட்டட் ஃபார்', மருந்துக்கு 'ட்ரீட்டட் வித்'. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும் என்பதால், இதைத்தான் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறேன்.

அடுத்தது 'கம்ப்ளெய்ன்'. 'கம்ப்ளெய்ன்ட் ஆஃப் செஸ்ட் பெயின்' என்றால் நெஞ்சு வலிப்பதாக நோயாளி சொன்னார். 'கம்ப்ளெய்ன்ட் அபவுட்' என்றால் அவருக்கு எதன்மீதோ மனக்குறை. சாப்பாட்டைப் பற்றியோ வார்டைப் பற்றியோ முறையிட்டிருக்கிறார். ஒரு பயிற்சிக் கடிதத்தில், மாத்திரை சாப்பிட்டதும் குமட்டுகிறது என்ற குறிப்பை 'கம்ப்ளெய்ன்ட் அபவுட் ஹெர் மெடிசின்' என்று சுருக்கி எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் போய்ச் சேரும் இடத்தில் இருப்பவருக்குக் குமட்டல் என்ற அறிகுறியே தெரியாது; மருந்து பிடிக்காத நோயாளி என்று நினைத்துக்கொள்வார். இதனால்தான் இந்த விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மதிப்பெண் அதற்குப் பிறகுதான்.

'சர்ஜன் ஆபரேட்டட் தி பேஷன்ட்' என்பதையும் சேர்த்துவிடுகிறேன். 'ஆன்' இல்லாமல் 'ஆபரேட்' செய்வது இயந்திரத்தைத்தான். நோயாளிக்கு 'ஆபரேட்டட் ஆன்'.

வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், சேலம்

எங்கள் துறையில் எந்த வினைக்கு எது என்பது உறுதியாகிவிட்ட ஒன்று. 'அக்யூஸ்ட் ஆஃப்', 'கன்விக்டட் ஆஃப்', ஆனால் 'சார்ஜ்ட் வித்'. ஏன் என்று கேட்டுப் பயனில்லை, அப்படியே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பொருள் மாறும் இடம் என்றால் 'அப்ரூவ்'. ஒரு சங்கத்தின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில், கட்டட வரைபடத்தைத் தலைவர் 'அப்ரூவ்ட் ஆஃப்' என்று எழுதியிருந்தார்கள். தலைவருக்கு அந்த வரைபடம் நல்லதாகப் பட்டது என்பதுதான் அதன் பொருள். முறைப்படி ஒப்புதல் தந்தார் என்று பதிவாக வேண்டுமானால் 'ஆஃப்' இல்லாமல் 'அப்ரூவ்ட் தி பிளான்' என்று இருக்க வேண்டும். பின்னால் கணக்குத் தணிக்கையில் கேள்வி எழுந்தால் இந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லித் திருத்தச் செய்தோம்.

'அக்ரீ' இன்னொன்று. ஆளோடு 'அக்ரீ வித்', யோசனைக்கு 'அக்ரீ டு', இருவரும் சேர்ந்து முடிவுசெய்த தேதிக்கு 'அக்ரீ ஆன்'. நாடும் மாறும்: நம் நீதிமன்றங்களில் தீர்ப்புக்கு எதிராக 'அப்பீல் அகெய்ன்ஸ்ட்' என்று எழுதுகிறோம், அமெரிக்க ஆவணங்களில் 'அப்பீல்ட் தி டெசிஷன்' என்று நேராகவே வரும். அதைப் பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

செவிலியர் அம்மா எழுதியதைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. நோய்க்குச் சிகிச்சை, மருந்தால் சிகிச்சை. ஒன்று நான்காம் வேற்றுமை, மற்றது மூன்றாம் வேற்றுமை. அங்கே நம் தமிழ் தடையாக நிற்கவில்லை, வழிதான் காட்டுகிறது.

வினை தனக்கு வேண்டிய உருபைத் தானே கேட்டு வாங்கும் என்பது நமக்குப் புதிதல்ல. 'அவருக்காகக் கேட்டேன்', 'அவரிடம் கேட்டேன்', 'அவருக்குக் கேட்டது' ஆகிய மூன்றையும் எந்தத் தமிழ்க் குழந்தையும் குழப்பிக்கொள்ளாது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல், விளிமரபு என்று மூன்று இயல்கள் இதற்கென்றே இருக்கின்றன. ஓர் உருபுக்கு உரிய இடத்தில் இன்னொன்று வருவதையெல்லாம் மயங்கியல் விரிவாகப் பேசுகிறது.

என் பேத்திக்கு 'வித்' சொல்லிக்கொடுத்தபோது இதைத்தான் பயன்படுத்தினேன். கருவியைக் குறிக்கும் 'ஆல்', உடன் இருப்பதைக் குறிக்கும் 'ஓடு' இரண்டும் நமக்கு ஒரே மூன்றாம் வேற்றுமை. ஆங்கில 'வித்' அந்த இரண்டு வேலையையும் செய்கிறது: கத்தியால் வெட்டினாலும் 'வித்', தோழியோடு போனாலும் 'வித்'. 'ஃபாட் வித்' என்பதில் வரும் மயக்கமும் நமக்குத் தெரிந்ததே. 'சோழரோடு போரிட்டான்' என்றால் சோழரை எதிர்த்தா, சோழர் பக்கம் நின்றா? இரண்டு மொழியிலும் அடுத்த வாக்கியத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆங்கில ஆசிரியர்கள் தமிழை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாடம் நடத்துவதை நான் ஏற்பதில்லை. ஒத்துப்போகும் இடம் எது, பிரியும் இடம் எது என்று இரண்டையும் காட்ட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை

ஐயா, 'வித்' விளக்கத்தை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மிக்க நன்றி.

எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று எழுதப்பட்ட அகராதியை வாங்குங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தம் நண்பர்களோடு தொகுத்த அகராதி 1942இல் அங்கே வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. சொல்லின் பொருளோடு நிற்காமல், ஒரு வினை எந்த அமைப்பில் வரும் என்பதையும் அது காட்டியது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழிவந்தது. வினைச்சொல்லைத் திறந்தால், அதனுடன் வரும் சிறு சொல் தடித்த எழுத்தில் இருக்கும். ஆங்கிலம்-தமிழ் அகராதியில் பொருள் மட்டும் பார்த்து எழுதுவது இந்த ஒரு விஷயத்துக்குப் போதாது.

செவிலியர் மாணவி, தூத்துக்குடி

அக்கா, 'அட்டெண்ட்', 'அட்டெண்ட் டு' இரண்டையும் வார்டில் கேட்கிறேன். கடிதத்தில் எது எழுதுவது?

செவிலியர் பயிற்றுநர், நாகர்கோவில்

இரண்டும் வரும் தங்கச்சி, யார் செய்கிறார் என்று பாருங்கள். நோயாளி கிளினிக்குக்கு வந்தார் என்றால் 'ஷி அட்டெண்டட் தி கிளினிக்'. நீங்கள் புண்ணைக் கவனித்துக் கட்டுப் போட்டீர்கள் என்றால் 'அட்டெண்டட் டு தி வூண்ட்'. 'கன்சல்ட்' பற்றியும் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: நோயாளி மருத்துவரைப் பார்த்தால் 'கன்சல்ட்டட் எ டாக்டர்', நடுவில் ஒன்றும் வேண்டாம். மருத்துவர்கள் தங்களுக்குள் கலந்து பேசினால் 'கன்சல்ட்டட் வித்'. நீங்கள் எழுதிய பயிற்சிக் கடிதம் ஒன்றை இங்கே இடுங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். நோயாளியின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு இடுங்கள்.