பெரிய சூலகக் கட்டியைத் துளைவழியே அகற்றலாமா?

கேள்வி (உப்புவெளி, திருகோணமலை):
என் தங்கையின் வலது சூலகத்தில் 14 சென்ரிமீற்றர் அளவான நீர்க்கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்துள்ளது. அவளுக்கு இன்னும் திருமணமாகவில்லை. வயிற்றைப் பெரிதாக வெட்டாமல், சூலகத்தையும் காப்பாற்றி, லப்பரஸ்கோப்பி முறையில் (சிறு துளைகள் வழியே கமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் சத்திரசிகிச்சை) அகற்ற முடியுமா என்று அம்மா கலங்குகிறார்.

மறுமொழி 1:
அளவு மட்டுமே தடையன்று, அக்கா. கட்டிக்குள் திண்மப் பகுதிகள் இல்லையென ஸ்கேன் காட்டி, புற்றுநோய் ஐயத்தை ஆராய உதவும் சீஏ 125 இரத்தப் பரிசோதனையும் ஆறுதலளித்தால், நீரைக் கவனமாக உறிஞ்சிச் சுருக்கி, உறையைச் சூலகத்திலிருந்து உரித்து, பைக்குள் இட்டுச் சிறு துளைவழியே வெளியே எடுக்கலாம்.

மறுமொழி 2:
புற்றுநோய் ஐயம் இருந்தால், கட்டி வயிற்றுக்குள் உடைந்து சிந்துவது நோயை அடுத்த, மோசமான கட்டத்துக்குக் கொண்டுசென்றுவிடும் என்பதால், வைத்தியர் திறந்த சத்திரசிகிச்சையைப் பரிந்துரைக்கக்கூடும். அம்மா அதற்காக மனமுடைய வேண்டாம்.

மறுமொழி 3:
காத்திருக்கும் நாட்களில் திடீரெனக் கடும் வலியும் வாந்தியும் வந்தால், சூலகம் முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று இராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.