கம்ப்யூட்டர் தானாக அணைகிறது, 41 என்று எர்ரர்

ஏற்காட்டுவாசி:
ஒண்டிக்கடை பக்கம் வீடு. சாயங்காலமானால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து மறுபடி பூட் ஆகிறது. நீலத் திரைகூட வருவதில்லை. விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருக்கிறது. விண்டோஸை மறுபடி போடணும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

அஸ்தம்பட்டி:
அவசரப்படாதீங்க அண்ணே. 41 காரணத்தைச் சொல்லாது. ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று அடுத்த பூட்டில் விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அது. அதே பதிவில் டீடெயில்ஸைத் திறந்து ‘பக்செக் கோட்’ (விண்டோஸ் கிராஷ் ஆனால் பதிவாகும் எண்) பாருங்கள். 0 என்றால் பெரும்பாலும் கரண்ட், இல்லையேல் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி). வேறு எண் என்றால் டிரைவர் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்), ராம் (மெமரி) பக்கம் தேடலாம்.

ஏற்காட்டுவாசி:
0 தான் தம்பி. அப்புறம், கீசர் போடும் நேரத்தில்தான் அணைகிறது.

சூரமங்கலம்:
அப்படியென்றால் வோல்டேஜ் இறங்குதுங்க. கீசர் இல்லாத லைனில் மாட்டிப் பாருங்கள். யுபிஎஸ் இருந்தால் பேட்டரியையும் சோதிக்கணும். விண்டோஸ் பாவம், அதை விடுங்கள்.