ஸ்டாஃபோர்ட் ஜெயித்ததில் லயன்ஸ் ரசிகர்களுக்கு என்ன சந்தோஷம்?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL-இல் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஸ்டாஃபோர்ட் 12 சீசன் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு ஆடியும் பிளேஆஃபில் (சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்றில்) ஒரு வெற்றிகூட இல்லை. 2021இல் ராம்ஸ் அணிக்குப் போனார், முதல் சீசனிலேயே சூப்பர் பவுல் (NFL இறுதிப்போட்டி) கோப்பை. லயன்ஸ் ரசிகர்கள் பலர் கைதட்டினார்களே, வயிறு எரியவில்லையா?

பதில் 1: எரிந்தது, ஆனால் அவர்மேல் அல்ல, அணி நிர்வாகத்தின்மேல். குறை ஆளிடம் இல்லை என்பதற்கு அந்தக் கோப்பையே சாட்சியாகிவிட்டது.

பதில் 2: கணக்கையும் பாருங்க நண்பரே. அவருக்கு ஈடாக ராம்ஸிடமிருந்து லயன்ஸுக்கு வந்தவை: குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப், டிராஃப்டில் (அணிகள் வரிசைப்படி புது வீரர்களை எடுக்கும் முறை) ராம்ஸின் 2021 மூன்றாம் சுற்றுத் தேர்வு, 2022, 2023 முதல் சுற்றுத் தேர்வுகள். டிராஃப்டில் மோசமாக ஆடிய அணிக்கு முன்னிடம், சாம்பியனுக்குத்தான் கடைசி இடம். ராம்ஸ் கோப்பை வென்றதால் 2022 தேர்வு 32ஆம் இடத்துக்குப் போனது. அவர் ஜெயிக்க ஜெயிக்க லயன்ஸுக்கு நஷ்டம்! அடுத்த சீசனில் அவருக்குக் காயம், ராம்ஸுக்கு 5 வெற்றி, 12 தோல்வி. 2023 தேர்வு 6ஆம் இடத்துக்கு ஏறியது. அதை அரிசோனா அணிக்குக் கொடுத்துக் கீழே இறங்கி, 12ஆம் இடத்தில் கிப்ஸ், 34ஆம் இடத்தில் லபோர்ட்டா என்று இரண்டு வீரர்களை எடுத்தார்கள். அவர் காயத்தில் கிடைத்த லாபம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

பதில் 3: அதே ஆள் 2024 ஜனவரியில் ராம்ஸுடன் பிளேஆஃப் ஆட லயன்ஸின் ஃபோர்டு ஃபீல்டு அரங்குக்கு வந்தபோது எதிர்ப்புக் கூச்சல் போட்டார்களே! லயன்ஸ் 24-23 வெற்றி, 32 ஆண்டுகளில் முதல் பிளேஆஃப் வெற்றி.

பதில் 2: எதிரணி ஜெர்சியில் வந்தால் கூச்சல்தான். அன்று அரங்கம் முழக்கியது காஃப் பெயரை.