பழைய மரப்படகுக்கு பிளைவுட் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்பனாறு:
மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைதான். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். சித்தப்பாவின் படகு ஃபெஞ்சல் புயல் மழையில் ஊறிக் கிடந்தது. கடலூர் முதுநகரில் ஆற்றோரம் ஏற்றி வைத்தோம். பக்கப்பலகை சில இடங்களில் மோசம், ஆணியெல்லாம் துரு. ஒரு மேஸ்திரி வந்து சுற்றிப் பார்த்தார். பலகையைக் கழற்றவே வேண்டாம், மேலேயே 12 எம்.எம். மெரைன் பிளை அடித்து ஃபைபர் போட்டால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்றார். சித்தப்பாவும் சரி என்றுவிட்டார்.

பக்கத்துப் படகில் பலகை இடுக்குகளை அடைக்கிற கலப்பத்து வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார். இறங்கி வந்து எங்கள் படகுக்குள் ஏறினார். பலகையைத் தாங்குகிற உள்சட்டமான வங்கில் உளியை வைத்துக் கையால் அழுத்தினார். சுத்தியலே தேவைப்படவில்லை, உளி பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது ஈரக் காப்பித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அது கருவேலம். “இதுல ஆணி அடிச்சா எதைத் தம்பி புடிக்கும்?” என்று கேட்டார். மேஸ்திரி பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் படகு தப்பித்தது. ஆனால் அதே மேஸ்திரி இந்தக் கரையில் இன்னும் சில படகுகளுக்கு இப்படி மூடிக் கொடுத்திருக்கிறார். அவை கடலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எனக்கு அதுதான் தூக்கம் வரவில்லை.

தேங்காய்த்திட்டு:
மரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் ஃபைபர் ஒட்டுகிற ரெசினைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் படகுக்குப் பிளை அடித்து முடித்து, ஃபைபர் மேட் ஒட்டுகிற நாள். வேலைக்கு வந்த பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பையன், ரெசின் இறுகுவதற்குக் கலக்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒரே மக்கில் ஊற்றிவிட்டான். ரெசின் அப்போது பக்கத்து வாளியில்தான் இருந்தது. புஸ்ஸென்று புகை, உடனே நெருப்பு. பிளாஸ்டிக் மக் அவன் கையிலேயே உருகி வழிந்தது. நான் மணலை அள்ளிப் போட்டேன். புருவம் கருகியது, உள்ளங்கை தோல் உரிந்தது. கண் பிழைத்தது கடவுள் புண்ணியம்.

கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்க வேண்டும். கேட்டலிஸ்ட் அதற்கப்புறம்தான். இரண்டும் நேராகச் சேரவே கூடாது, இரண்டு பாட்டிலையும் ஒரே இடத்தில் வைக்கவும் கூடாது. தினக்கூலிக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

ஆசாரி வீட்டுப் பிள்ளை:
உப்பனாறு தம்பி, பிளைவுட் மேல் பழி போடாதீர்கள். 1980களிலேயே குமரி மாவட்டம் முட்டத்தில் பிளைவுட் தகடுகளைத் தைத்து ஒட்டி முழுப் படகே கட்டினார்கள். அவை அலையில் இறங்கித் தொழில் செய்த படகுகள். தப்பு பிளையில் இல்லை, வாங்குகிற இடத்தில் இருக்கிறது.

நான் கேபினுக்கு வாங்கிய ஷீட்டில் ‘மெரைன்’ என்று பெரிதாக அச்சடித்திருந்தது. சந்தேகம் வந்து ஒரு துண்டை வெட்டிப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தேன். சாயங்காலத்துக்குள் ஏடு ஏடாகக் கழன்றுவிட்டது. அசல் மெரைன் பிளை 72 மணி நேரம் கொதித்தாலும் பிரியக் கூடாது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ். 303 வீட்டு அலமாரிக்கான சரக்கு, படகுக்கு வேண்டாம்.

அடுத்தது விளிம்பு. தண்ணீர் உள்ளே போவது அந்த வெட்டு வாயில்தான். ஆணி அடிக்கும் முன்பே விளிம்பு முழுக்க எபாக்ஸி ரெசினைக் குடிக்க விடுங்கள், ஆணித் துளைக்கும் அப்படியே. இரண்டு ஷீட்டை முட்ட வைத்து நிறுத்தாதீர்கள். 12 எம்.எம். என்றால் 96 எம்.எம். நீளத்துக்குச் சரிவாக இழைத்து ஒன்றின் மேல் ஒன்றை ஒட்ட வேண்டும். சாதா பாலியெஸ்டர் ரெசின் மரத்தில் நெடுநாள் பிடிக்காது. காசு கூடினாலும் மரத்தின் மேல் முதல் பூச்சு எபாக்ஸியாக இருக்கட்டும். இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம்.

தேவனாம்பட்டினத்து மகள்:
அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. சுனாமிக்கு அப்புறம் எங்கள் ஊருக்கு ஃபைபர் படகுகளாக வந்தன. அப்பா மட்டும் பழைய மரப்படகை விடவில்லை. அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், உடைந்திருந்தது, அங்கே பிளை வைத்தார். ஈரச்சாக்கைச் சூடாகப் போட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்து வளைத்தோம். ‘டமார்’ என்று வெடித்தது பாருங்கள், அம்மா அலறிவிட்டாள். பிளை ஒரு பக்கமாகத்தான் வளையும். அணியத்தில் மேலும் கீழுமாகவும் சேர்ந்து வளைய வேண்டும் அல்லவா?

அப்பா கொஞ்ச நேரம் அந்த வெடிப்பைத் தடவிக்கொண்டே நின்றார். அப்புறம் 6 எம்.எம். ஷீட்டைப் பட்டை பட்டையாக அறுத்து, குறுக்கே ஓர் அடுக்கும் அதற்கு எதிர்ச்சாய்வில் இன்னோர் அடுக்கும் ஒட்டினார். உள்பக்கம் பண்ருட்டி முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினார். அந்த நாற்றத்தில் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அந்தப் படகை உடைத்துப் போட்டது. பலகையெல்லாம் சிதறியும் அந்த அணியம் மட்டும் பிரியவில்லை. அப்பா இருக்கும்போதே அவரிடம் இதைப் பெருமையாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

உப்பனாறு:
ஆசாரி அண்ணே, நான் பிளையைக் குறை சொல்லவில்லை. கெட்ட வங்கை மூடுவதைத்தான் சொல்கிறேன். ஐ.எஸ். 710 போட்டாலும் உள்ளே பிடிமானம் இல்லை என்றால் என்ன பிரயோஜனம்? ஊறின மரத்துக்கு வெளியே ஃபைபர் போட்டு அடைத்தால் ஈரம் எங்கே போகும்? ஏப்ரல் 15-க்குப் படகை ஏற்றி ஜூனில் இறக்குகிறோம். அந்த 61 நாளில் பாதி, மரம் காயவே சரியாகிவிடும்.

ஆசாரி வீட்டுப் பிள்ளை:
அதை ஒத்துக்கொள்கிறேன். முதலில் வங்கு, அப்புறம்தான் பிளை. காயாத மரத்தில் எபாக்ஸியும் நிற்காது.

சிங்காரத்தோப்பு:
உப்பனாறு அண்ணே, நீங்கள் சொல்கிற மேஸ்திரி யார் என்று எனக்குப் புரிகிறது. எங்கள் படகும் அவர் கைவேலைதான், போன தடைக்காலத்தில் போட்டது. நாளைக் காலையில் உள்ளே இறங்கிப் பார்க்கப் போகிறேன். உளியை எங்கே வைத்துப் பார்க்க வேண்டும்?

உப்பனாறு:
ஐஸ் பெட்டிக்கு அடியில் முதலில் பாருங்கள். உப்புத்தண்ணீரை விட ஐஸ் உருகின தண்ணீரும் மழைத்தண்ணீரும்தான் மரத்தைச் சீக்கிரம் அழுக வைக்கும். அப்புறம் இன்ஜினுக்குக் கீழே, படகின் அடிமரமான ஏராவில் வங்கு உட்காருகிற இடம் ஒவ்வொன்றும். பெயின்ட் நன்றாக இருக்கிறதே என்று விடாதீர்கள், அழுத்திப் பாருங்கள். பெரியவரிடம் கேட்டுவிட்டேன், ஏழு மணிக்கு நானும் அவரும் அங்கே வருகிறோம்.