புதுப்பிப்பு: மும்பை மழைக்காலத்தில் பாதியில் அணையும் சுருட்டு – காரணம் தெரிந்துவிட்டது

கையால் சுருட்டிய டொமினிக்கன் ரொபஸ்டோ (குட்டையான, தடித்த வகைச் சுருட்டு) ஒரு பக்கமாகவே எரிகிறது, பாதியில் அணைகிறது, கசக்கிறது என்று ஜூலையில் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலித்தது, ஈரப்பதமானியை உப்பு வைத்துச் சோதிக்கச் சொன்ன யோசனை. ஒரு மூடியில் சமையல் உப்பைச் சில துளி நீர் விட்டுக் குழைத்து, மானியோடு காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுவதும் வைத்தேன். அதற்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்க வேண்டும். மானி 67 காட்டியது. ஆக, சுருட்டுப் பெட்டியில் அது காட்டிவந்த 68 உண்மையில் 76 அளவில் இருந்திருக்கிறது! மும்பை மாட்டுங்காவில் மழைக்காலத்தில் பொரித்த அப்பளமே நொடியில் நமத்துப்போகும், புகையிலை தாங்குமா? ஈரத்தில் உள்ளிலைகள் ஊதிப் புகை வரும் வழியை அடைத்துவிட்டன. வெட்டும் கத்தியை மாற்றிப் பார்த்ததில் பயனில்லை.

65 சதவீத இருவழி ஈரப்பதப் பொட்டலங்களை (ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் வெளிவிடும்) பெட்டியில் போட்டுச் சில வாரங்கள் தொடாமல் விட்டேன். இப்போது நேராக எரிகிறது, சாம்பல் கெட்டியாக நிற்கிறது. தொடக்கத்தில் தேவதாரு வாசம். நடுப்பகுதியில் வறுத்த முந்திரியும் கடுங்காப்பியும் சேர்ந்த அருமையான சுவை. பிறகு மிளகுக் காரம். இந்த விலைக்கு முழுத் தகுதி உடையது என்றே சொல்வேன்.

எதிர்பாராதவை இரண்டு. பொட்டலத்தை ஒட்டிக் கிடந்த சுருட்டின் மேலுறை இலை வெடித்துவிட்டது. இடைவெளி விட்டு வையுங்கள். அவசரமாக இழுத்தால் கடைசிப் பகுதியில் கசப்பு இன்னும் திரும்புகிறது. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும்.